ஆளுக்கொரு வெள்ளை, ஆளுக்கொரு பழுப்பு

உக்காருங்க டீச்சர். புதுக்கோட்டையிலேருந்து பஸ்ல வந்திருக்கீங்க, மொதல்ல ஒரு வாய் மோர் குடிங்க. எலி எங்கேயும் ஓடிடாது. அந்த மூலையில கூடையில இருக்கு பாருங்க, துண்டு போத்தி. குளிருக்குப் போத்தலை. அது என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, எனக்கு ஒரு வேலை ஓடல, அதான் போத்தி வச்சேன்.

கினி பிக்குன்னு சொல்லணுமாம். எம் பொண்ணு ஐதராபாத்துலேருந்து போன்ல திருத்துவா. "அம்மா, எலின்னு சொல்லாதீங்க, கேட்டா யாரும் வரமாட்டாங்க"ன்னு. அவதான் போட்டோ போட்டு எழுதி ஊரு பூரா அனுப்பிவிட்டது. "ஆறு வயது, சாது, துணையை இழந்து வாடுகிறது, அன்பான இல்லம் தேவை." வரன் தேடுற மாதிரி எழுதியிருக்கா. நட்சத்திரம் ஒண்ணுதான் போடல. பெத்தவளுக்கு வாரத்துக்கு ஒரு போன், அதுவும் ரோட்டைக் கடக்கறப்ப. எலிக்கு மட்டும் அன்பான இல்லம்.

அதைப் பாத்துட்டு வந்தவங்களைச் சொல்லணும். மொதல்ல ஒருத்தன் வந்தான், நல்லா சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு. "மேடம், வெயிட் எவ்வளவு இருக்கும்?"னான். எதுக்குப்பான்னேன். வீட்டுல பாம்பு வளக்கிறானாம். வாசலோட அனுப்பிட்டேன். அப்புறம் ஒரு அம்மா, பையனுக்குப் பொறந்தநாளுன்னு வந்தா. தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, "வயசானதாத் தெரியுதே, இதுலயே சின்னதா இல்லையா?"ன்னா. ஜவுளிக்கடையில சைஸ் கேக்குறா. மூணாவது வந்தவர் ரிட்டயர்டு ஆபீசர். ஒரு மணி நேரம் உக்காந்தார், ரெண்டு காப்பி குடிச்சார், தன்னோட சர்க்கரை, பிரஷர், மருமகளோட கொணம் எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டார். எலியை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. நாலாவது நீங்க. உங்க வீட்டுல அஞ்சு இருக்குன்னு சொன்னீங்க. அஞ்சு. புல்லு புடுங்கறதுக்கே ஒரு ஆளு வேணுமே உங்களுக்கு. சரி, உங்க இஷ்டம், நான் யாரு கேக்கறதுக்கு.

சாப்பிட மாட்டேங்குது டீச்சர். அதுதான் விஷயம். அஞ்சு நாளாச்சு. கொத்தமல்லித் தண்டுன்னா உசுரை விடும், இப்ப மூக்குக்கிட்ட கொண்டுபோனா மூஞ்சியைத் திருப்பிக்குது. நாய் டாக்டர் ஒருத்தர்கிட்ட ஆட்டோவுல கொண்டுபோனோம். அங்க வரிசையில உக்காந்திருந்தவங்க எல்லாம் என் கூடையை எட்டிப் பாத்துட்டு, என் மூஞ்சியையும் ஒரு தடவை பாத்தாங்க. டாக்டர் பல்லைப் பாத்தார், வயித்தை அமுக்கினார். "வியாதி ஒண்ணும் இல்லம்மா. கூட இருந்தது செத்துப்போச்சில்ல, அந்த ஏக்கம். இதுங்க பட்டினி கெடந்தா சீக்கிரம் போயிடும். இன்னும் பத்து நாள் தாங்கினாப் பெருசு"ன்னார். படிச்ச மனுசன். ஏக்கம்ங்கறார்.

என்ன பண்றதுன்னு கேட்டேன். புதுசா ஒண்ணு வாங்கி விடுங்கன்னார். இது கெழடு, நாளைக்குப் போயிடும். அப்ப அந்தப் புதுசு தனியா நிக்கும். அதுக்கு ஒண்ணு வாங்கணும். அப்புறம் அதுக்கு ஒண்ணு. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் மிச்சம் இருக்கற ஆயுசெல்லாம் எலிக்கு ஜோடி சேத்து வச்சே கழியணுமா? இதைக் கேட்டேன் டாக்டரை. அவர் சிரிச்சிட்டு, அப்ப கூட்டமா வளக்கிறவங்க யார் வீட்டுலயாவது கொடுத்துடுங்கன்னுட்டார். அதைப் போய் எங்க வீட்டுக்காரர் பொண்ணுகிட்ட சொல்ல, அவ போட்டோ போட, இப்ப நீங்க மோர் குடிக்கிறீங்க. உப்பு சரியா இருக்கா?

கூட இருந்தது ஒண்ணு இல்ல டீச்சர், ஆரம்பத்துல நாலு. எம் பொண்ணும் எங் கொழுந்தன் மகனும் சேந்து வாங்கிட்டு வந்தது. வெள்ளை ரெண்டு, பழுப்பு ரெண்டு, எல்லாமே பொட்டை. வெள்ளைக்கு ரவா, சேமியான்னு பேரு. பழுப்புக்குக் கடுகு, மிளகு. பலசரக்குக் கடை வச்ச மாதிரி. வாங்கினது அதுங்க ரெண்டு பேரும், பீ அள்ளினது நாங்க ரெண்டு பேரும். நானும் எங் கொழுந்தன் பொண்டாட்டி வசுமதியும்.

அப்ப வீடு ஒண்ணா இருந்தது. இதோ நீங்க சாஞ்சு உக்காந்திருக்கீங்களே அந்தச் செவுரு, அது போன வருஷம் வச்சது. அந்தப் பக்கம் அவங்க. பத்தொம்பது வருஷம் ஒரே அடுப்புல சமைச்சவங்க நாங்க.

ஏன்னு எல்லாரும்தான் கேக்குறாங்க, நீங்களும் கேக்குறீங்க. எம் பொண்ணுக்கு வளைகாப்பு. சித்தி கையால மொத வளையல் போட்டுக்கணும்னு அவளுக்கு ஆசை. அன்னிக்குக் காலையில, பந்தல் போட்டாச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க கார் தெருமுனையில வந்தாச்சு, வசுமதி பையைத் தூக்கிக்கிட்டு முசிறிக்குக் கெளம்பிட்டா. அவங்கம்மா குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சாம். முறியறதுக்கு அந்தம்மாவுக்கு வேற நாளே கெடைக்கல. சம்பந்தியம்மா "சின்னவங்க எங்க?"ன்னு கேட்டப்ப எம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? விழுந்தது நெசந்தான். ஆறு மாசம் படுத்த படுக்கையா இருந்து போயும் சேந்துடுச்சு. அது வேற விஷயம். எழவுக்கு நான் போகல. அன்னிக்கு எனக்கு முட்டிவலி. முட்டிவலியை யாரும் நாள் பாத்து வரவழைச்சுக்கறதில்ல டீச்சர்.

அதுலேருந்து பேச்சு வார்த்தை கொறைஞ்சு, கொறைஞ்சு, கடைசியில பாகம் பிரிக்கறதுல வந்து நின்னுது. துறையூர் மாமா வந்தார். எங்க வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், அந்தக் காலத்துல பத்திரம் எழுதினவர். எதையாவது ரெண்டாப் பிரிச்சாத்தான் அவருக்குச் சோறு எறங்கும். அண்டா ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு. குத்துவிளக்கு ஒரு ஜோடி, ஆளுக்கு ஒண்ணு. ஒத்தை விளக்கை வச்சுக்கிட்டு யாரு என்ன பண்றதுன்னு யாரும் கேக்கல. கூடத்துக்கு நடுவுல சுண்ணாம்புல கோடு போட்டார். கோடு நேரா வந்துது, அவர் கணக்கு சரிதான். ஆனா எங்க பக்கத்து லைட்டுக்கு ஸ்விட்சு அவங்க பக்கம் போயிடுச்சு. எலக்ட்ரீசியன் வந்து மாத்தறதுக்கு மூணு மாசம். மூணு மாசமும் லைட்டு எரிஞ்சுது. போய் "ஸ்விட்சை அணைங்க"ன்னு நான் கேக்கணுமா? அவளா அணைச்சா நான் வேணாங்கப் போறேனா? அவ பயந்து அணைக்காம இருந்தாளாம், நாங்க கோச்சுக்குவோம்னு. பயமாம். அவளுக்கு.

சாமான் எல்லாம் முடிஞ்சு, கடைசியில கூண்டு. மாமா குனிஞ்சு பாத்துட்டு, "இதுவும் பொதுச் சொத்துதானே"ன்னார். வசுமதி அப்பத்தான் வாயைத் திறந்தா. "மாமா, வெள்ளை ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் தூங்கும். பழுப்பு ரெண்டும் அப்படித்தான். அக்கா எந்த ஜோடி வேணும்னாலும் எடுத்துக்கட்டும், ஜோடியை மட்டும் பிரிக்க வேணாம்"னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. வெள்ளையைத்தான் எல்லாரும் ஆசைப்படுவாங்க. வெள்ளையை நான் எடுத்தா, பாத்தியா அழகானதை அமுக்கிட்டான்னு ஊருக்குச் சொல்லுவா. பழுப்பை எடுத்தா நான் ஏமாந்தவ. ரெண்டு பக்கமும் பாத்துத்தான் பேசியிருக்கா அவ. நான் விடுவேனா? "ஆளுக்கு ஒரு வெள்ளை, ஆளுக்கு ஒரு பழுப்பு. அதுதான் நியாயம்"னேன். மாமா என்னைப் பாத்து, "பெரிய மருமகளுக்கு வக்கீல் மூளை"ன்னார். எல்லார் முன்னாலயும் சொன்னார்.

எனக்கு ரவா, கடுகு. அவளுக்கு சேமியா, மிளகு.

இங்க வந்த ரெண்டும் ஒண்ணு அந்த மூலை, ஒண்ணு இந்த மூலை. சண்டையும் கெடையாது, சேர்க்கையும் கெடையாது. ரயில்ல எதிரெதிர் சீட்டுல உக்காந்தவங்க மாதிரி ஒரு வருஷம் இருந்துதுங்க. அந்தப் பக்கம் அவங்க பிரிட்ஜைத் திறப்பாங்க, அங்க சேமியா கீச்சுன்னு கத்தும், இங்க இந்த ரவா எழுந்து நின்னு செவுத்தைப் பாத்துப் பதில் கத்தும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. எங்க வீட்டுக்காரர், "பாத்தியா, கூப்புடுதுங்க"ம்பார். அவருக்கு எதைப் பாத்தாலும் கண்ணு கலங்கிடும். கூப்பிடறதும் இல்ல ஒண்ணும் இல்ல, பிரிட்ஜு சத்தம் கேட்டா தீனின்னு நெனைக்கிற புத்தி, அவ்வளவுதான். அவருக்கு மறதி வேற சாஸ்தியாயிடுச்சு. தினம் ரெண்டு கட்டு அருகம்புல்லு வாங்கறார், வீட்டுக்கு வந்து சேர்றது ஒண்ணு. ஒண்ணை வழியில எங்கயோ வச்சுட்டு வந்துடறார். ஒரு நாளா ரெண்டு நாளா, வருஷம் பூரா. கேட்டா முழிக்கிறார்.

பங்குனியில கடுகு போயிடுச்சு. காலையில பாத்தா வெறைச்சுக் கெடக்கு. சரி, வயசாச்சு, ஒண்ணு கொறைஞ்சுதுன்னு இருந்தேன். இது கொஞ்ச நாள் தின்னுக்கிட்டுத்தான் இருந்தது. வைகாசியில அந்தப் பக்கம் மிளகும் போயிடுச்சுன்னு ஆரோக்கியம் வந்து சொன்னா. ஆரோக்கியம்னா எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவ. ரெண்டு வீட்டுலயும் தேய்க்கிறா, ரெண்டு வீட்டுச் சேதியும் அவ வாயில. அவளைப் பிரிக்க மாமாவாலயும் முடியல.

போன வாரம் ஆரோக்கியம் வந்து, "சின்னம்மா கேக்கச் சொன்னாங்க. அவங்க வீட்டுதும் சரியாத் திங்கலையாம். ரெண்டையும் ஒண்ணா விட்டா என்னன்னு. நீங்க குடுத்தாலும் சரி, இல்ல அவங்களே இங்க குடுத்தாலும் சரின்னாங்க"ன்னா. எப்படி இருக்கு பாருங்க. குடுத்தாலும் சரி, எடுத்தாலும் சரி. அவ்வளவு பெரிய மனசு. நான் வாங்கிக்கிட்டா, அக்காவுக்கு நான் விட்டுக் குடுத்தேன்னு அவளுக்குப் பேரு. நான் குடுத்தா, கடைசியில என் வாசலுக்குத்தான் வந்தான்னு பேரு. வளைகாப்பு அன்னிக்கு எங்க போச்சு இந்த மனசு? "எலி சம்பந்தமா எனக்கு யார் கூடவும் பேச்சு இல்லைன்னு போய்ச் சொல்லு"ன்னேன். ஆரோக்கியம் ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனா. சோப்பை அன்னிக்கு ரெண்டு மடங்கு கரைச்சுட்டா.

அதுக்கு மறுநாள்லேருந்துதான் இது சுத்தமாத் திங்கறதை நிறுத்துச்சு. அந்தப் பக்கம் பிரிட்ஜு திறக்கிற சத்தம் கேக்குது. கத்தறதில்ல. அங்கயும் கத்தக் காணோம்.

நீங்க முந்தாநாள் போன்ல பேசினப்ப ஒண்ணு கேட்டீங்களே டீச்சர். "இதோட சின்ன வயசுலேருந்து பழகினது ஏதாவது உசுரோட இருக்கா?"ன்னு. நான் இல்லைன்னேன். எல்லாம் செத்துப்போச்சுன்னேன். கேட்டவுடனே வாயில அதுதான் வந்துது. அதுக்கு நீங்க, "அப்ப என் வீட்டுல விட்டுப் பாக்கலாம். புதுசுங்களோட பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். வயசானது, சேந்தாலும் சேரும், சேராமலும் போகலாம். பழகினது ஒண்ணு இருந்திருந்தா அன்னிக்கே தின்ன ஆரம்பிச்சுடும்"னீங்க. நீங்க வச்சுட்டீங்க. ரெண்டு மூணு வாரம்ங்கறீங்க. டாக்டர் பத்து நாளுன்னார், அதுலயும் நாலு போச்சு.

மறுபடியும் போன் பண்ணி உங்களை வரவேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நெசத்தைச் சொல்லவும் இல்ல. எனக்கு உங்களை நேர்ல பாக்கணும்னு இருந்தது. ஆளு எப்படின்னு. இவ்வளவு நேரம் பேசறேன், நீங்க ஒரு தடவை கூட மணி பாக்கல. கூடையைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க. அதனால சொல்றேன்.

பொய் சொன்னது தப்புதான். ஒத்துக்கறேன். உசுரோட இருக்கறதைச் செத்துப்போச்சுன்னு சொன்னேனே, அன்னிக்குச் சோறே எறங்கல எனக்கு. நானும் அதுமாதிரி ஆயிட்டேனோன்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்றார். அவருக்கென்ன.

ரவாவை நீங்க தூக்கிக்குங்க. கூடையோடவே எடுத்துக்குங்க. துண்டை எடுக்காதீங்க, வெளிச்சத்துல பயப்படும். கொய்யாக்காய் நறுக்கி ஒரு டப்பாவுல வச்சிருக்கேன், பையில போட்டுத் தரேன். தண்ணி கிண்ணத்துல வச்சாக் குடிக்காது, இந்தப் புட்டியைத்தான் சப்பும். எடது பக்கம் படுக்கும். முதுகைத் தடவினா புடிக்காது, காதுக்குப் பின்னால தடவணும், அதுவும் ஒத்தை வெரலால. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேணாம் டீச்சர். அவ்வளவு தூரம் வரவழைச்சுட்டு இப்படிச் சொல்றேனேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்க வாசல்ல எறங்கி வலப் பக்கம் திரும்பாதீங்க, அப்படிப் போனா நான் இங்கேருந்து அனுப்பினது அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். எடப் பக்கமாப் போய், பிள்ளையார் கோயிலைச் சுத்திக்கிட்டு, அந்தப் பக்கமா வந்து பச்சை கேட்டைத் தட்டுங்க. வசுமதிதான் வந்து திறப்பா. "எங்கிட்ட ஒரு கினி பிக் இருக்கு, என்னால வளக்க முடியல, உங்க வீட்டுல ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன், வச்சுக்கறீங்களா"ன்னு கேளுங்க. எங்கேருந்து வர்றீங்கன்னா புதுக்கோட்டைன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல.

அவளுக்கு அடையாளம் தெரியாதான்னு கேக்குறீங்க. தெரியாம என்ன. நகம் வெட்டி வெட்டி விட்டவ அவதான், இருட்டுல தொட்டாலே சொல்லிடுவா. ஆனா தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க மாட்டா. ஒண்ணுமே தெரியாதவ மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, "அப்படியாங்க, பாவம், குடுத்துட்டுப் போங்க"ன்னு வாங்கிக்குவா. அந்த நடிப்பெல்லாம் அவளுக்கு நல்லா வரும். பத்தொம்பது வருஷம் பக்கத்துலேருந்து பாத்திருக்கேன்.

அங்க ஒண்ணு போயிட்டா இன்னொண்ணு மறுபடி தனியாத்தானே நிக்கும்ங்கறீங்க. நிக்கும். அப்ப அது அவ பாடு. நெனைச்சா இந்தப் பக்கம் அனுப்பட்டும். அனுப்பினா அப்பப் பாத்துக்கறேன்.

மெதுவா, கூடைக்கு அடியில கை குடுத்துத் தூக்குங்க. ஆமா, அப்படித்தான்.

இன்னொண்ணு டீச்சர். எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டு, நீங்க கெளம்பறப்ப, கேட்டுக்கிட்ட வந்து மெதுவாக் கேப்பா அவ. "அக்கா நல்லா இருக்காங்களா"ன்னு. கேட்டா நீங்க, எந்த அக்கான்னு கேளுங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க. ஆனா கேட்டாளா இல்லையான்னு மட்டும், பஸ்ஸுல ஏறினதும் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க.